பெஞ்சில் உட்கார வேண்டியவர்

ஃபாரம் நிரப்புவதில் எங்கள் லைனில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செம்புக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இ.எஸ்.ஐ. ஃபாரம், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் என்னிடம்தான் வரும். யாராவது லேட்டாக வந்து மெமோ வாங்கினால் அதற்குப் பதில் எழுதிக் கொடுப்பதும் நான்தான். 'மேற்படி தவறு இனி நிகழாது என உறுதி கூறுகிறேன்' என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினேன். தான் பழக்கிய அணி ஃபைனல் ஆடும்போது அந்த அணியின் பெஞ்சில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒருவர் பல வருஷமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் கேலரிக்கு ஏற்றி விட்டேன். அந்த ஃபைனலில் நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கோப்பைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அவர் ஆப்பிரிக்காவில் செம்பு தோண்டும் ஊர் ஒன்றில் பிறந்தவர். நாட்டின் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. நாங்கள் முதலில் மேடம் என்றோம், ஒரே மாதத்தில் அக்கா என்றாகிவிட்டது. அவருடைய கணவர் உலை இன்ஜினியர். எங்கள் ஆலையில் புது உலை ஒன்றை ஓட வைப்பதற்காக இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தார். கூடவே அக்காவும் வந்து கவரைப்பேட்டையில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தார். வயது நாற்பத்தெட்டு. வலது முழங்கால் சரியில்லாததால் படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

நாங்கள் ஃபுட்பால் ஆட ஆரம்பித்ததற்குக் காரணம் நாங்கள் சார் என்று கூப்பிடும் எங்கள் வெல்ஃபேர் ஆபீசர். நல்ல மனுஷர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருந்தது. ஆலைகளுக்கு இடையில் நடக்கும் போட்டியில் அந்த வருஷம் பெண்களுக்கும் ஃபுட்பால் சேர்த்திருந்தார்கள். ஒரு டீம் அனுப்பியே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவருக்கோ ஃபுட்பாலைப் பற்றி அது உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இன்ஜினியர் வீட்டம்மா பெரிய ஆட்டக்காரராமே என்று கேள்விப்பட்டு, வீடு தேடிப் போய்க் கூப்பிட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா ஷூவைத் தேட ஆரம்பித்துவிட்டாராம்.

ஆலைக்குப் பின்னால் சீமைக் கருவேல முள் சூழ்ந்த காலிமனை. அதுதான் எங்கள் மைதானம். முதல் வாரத்திலேயே மூன்று பந்து பஞ்சர். பதினாறு பேர் வந்திருந்தோம், பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு எட்டடி ஓடுவோம், நின்று மூச்சு வாங்குவோம். எதிர் ஆலையின் மதில் மேல் ஏறி நின்று ஆம்பிளைகள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கல்லை எடுத்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே போட்டார். அவர் ஊரில் முதன்முதலாகப் பெண்கள் ஆடியபோதும் ஜனங்கள் சிரிக்கத்தான் வந்தார்களாம். சிரிக்க வந்தவர்கள் மூன்றாவது வருஷம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்களாம். மதில் மேல் இருப்பவர்களுக்கு இன்னும் மூன்று வருஷம் டைம் கொடு என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் சொன்னார்.

அவருக்குத் தமிழ் எங்களிடமிருந்து வந்தது. எங்களிடம் என்ன தமிழ் இருக்கிறதோ அதுதானே போகும்? ஆறே மாதத்தில் 'இன்னாமே, குந்திக்கினே கீற?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மரியாதையாகப் பேசும் தமிழ் என்று ஒன்று தனியாக இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் ஆலை மேனேஜர் உட்பட எல்லாரையும் வா, போ என்றுதான் பேசுவார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர ஓடியதே இல்லை. அக்கா என்னை டிஃபென்ஸில் நிறுத்தி, கேப்டன் என்றும் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். மெமோவுக்குப் பயப்படாதவள்தான் டிஃபென்ஸுக்கு வேண்டும் என்றார். என் கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வாரத்தில் பயிற்சி இருந்த மூன்று நாள் காலையிலும் அவர்தான் பிள்ளைகளுக்கு நாஷ்டா செய்து, தலை வாரி அனுப்பினார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். அந்தக் கோணல் பின்னலுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்காரருக்கு என்ன போடுவது என்று தெரியாமல் சிக்கன் பிரியாணி செய்து வைத்திருந்தேன். அவர் வந்ததும் அடுப்படியில் மூடி வைத்திருந்த கேழ்வரகுக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் பார்த்துவிட்டார். அது என் மாமியாருக்காகச் செய்தது. அக்கா அனுமதி கூடக் கேட்கவில்லை. களியைக் கையால் பிட்டு உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார். அவர் ஊரில் சோள மாவில் இதே மாதிரி கிண்டுவார்களாம், இதே மாதிரி குட்டிக் கருவாட்டோடு சாப்பிடுவார்களாம். ஆந்திர எல்லை ஆரம்பாக்கத்துக்காரியான என் மாமியாருக்கு ஆணோ பெண்ணோ எல்லாரும் நைனாதான். அவர் 'தின்னு நைனா' என்று மீதிக் களியையும் அவர் தட்டிலேயே போட்டுவிட்டு, பிரியாணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அக்கா தன் கதையை முழுசாகச் சொன்னார்.

அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கக் கம்பெனிக்கென்று ஒரு ஃபுட்பால் கிளப்பும் புல் முளைத்த மைதானமும் உண்டு, ஆனால் பெண் பிள்ளைகள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இவர் தலையை மொட்டை அடித்துக்கொண்டு, அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு வயதில் உள்ளே போய் ஆடினார். ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது கோச் இல்லை, அவருடைய அம்மா. அண்ணன் வீட்டில் ஜுரத்தில் படுத்திருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரியோ உன் பிள்ளை இரண்டு கோல் போட்டான் என்று வந்து சொல்கிறாள்.

பத்தொன்பது வயதில் நாட்டின் முதல் பெண்கள் அணியில் சேர்ந்தார். பெண்கள் அளவுக்கு ஜெர்ஸி கிடையாது. ஆண்களுடைய பழைய ஜெர்ஸிதான், முழங்கால் வரை தொங்கும். முதல் வெளியூர் மேட்சுக்கு லாரியில் இரண்டு நாள் போய், படுதோல்வி அடைந்து, அதே லாரியில் பாடிக்கொண்டே திரும்பினார்களாம். பதினோரு வருஷம் ஆடினார். முழங்கால் போனதும் கோச் படிப்புக்கு விண்ணப்பித்தார். வகுப்பில் ஒரே பெண், தங்க இடம் இல்லை. கன்னியாஸ்திரி மடம் ஒன்றில் தங்கி, அந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து போய்ப் படித்து முடித்தார்.

பிறகு அதே சுரங்கக் கிளப்பின் ஆண்கள் அணிக்கு அவரைக் கோச்சாகப் போட்டார்கள். வேறு யாரும் அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை என்பதுதான் காரணம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவருடைய நாட்டில் அதற்கு முன் ஒரு பெண்ணும் செய்யாத வேலை அது. ஆட்டக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இவர் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் அவர்களோடு சண்டை போடவில்லை. எல்லாரும் அதே தெருக்களில் வளர்ந்தவர்கள்தானே. ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய் அவனுடைய அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் அத்தனை பேரும் சொன்ன நேரத்துக்கு மைதானத்தில் நின்றார்கள். மூன்றாவது வருஷம் தலைநகரத்தில் நாட்டின் பெரிய கோப்பைக்கு ஃபைனல்.

அன்று காலையில் கிளப் தலைவர் வந்து சொன்னாராம், பெரிய ஆட்கள் வருகிறார்கள், டி.வி. இருக்கிறது, பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று. யாரோ ஓர் ஆளுக்குக் கோட்டு மாட்டி உட்கார வைத்தார்கள். இவர் கேலரியில். நடுவில் எழுந்து நின்று கத்தியபோது பின்னால் இருந்தவர், மறைக்கிறது, உட்காரம்மா என்றாராம். அவருடைய அணி ஜெயித்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் அவர் இல்லை.

நான் அந்தக் கிளப் தலைவரைத் தமிழில் நான்கைந்து வார்த்தை திட்டினேன். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேச் இன்னா ஆச்சின்னு எனக்கு நெனப்பு இல்ல. என் எடத்துல ஒருத்தன் குந்திகினு இருந்தான் பாரு, அவன் பின்னங்கழுத்து மட்டும் நல்லா நெனப்பு கீது. ஒரு தபா, ஒரே தபா, ஃபைனல்ல பெஞ்ச்ல குந்தணும். அப்பால போதும்."

நான் களி கிண்டிய கையோடு, நாங்கள் உட்கார வைக்கிறோம் அக்கா என்று சொன்னேன். வாக்குக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரிதான்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். போட்டிக்குப் பதிவு செய்யும் ஃபாரம் வந்த நாளில் சாரும் அக்காவும் என்னையே நிரப்பச் சொன்னார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினேன். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும், ரத்ததான முகாமாக இருந்தாலும் கோலப்போட்டியாக இருந்தாலும், ஆட்டக்காரர்களுக்கு மேலே காலியாக ஒரு வரி இருந்தால் அதில் சார் பெயர்தான் போகும். பேனரில் அவர், அழைப்பிதழில் அவர், குத்துவிளக்குக்கு அவர். யாரும் உத்தரவு போட்டதில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. 'பயிற்சியாளர்' என்ற இடத்தில் என் கை சார் பெயரையும் எம்ப்ளாயி நம்பரையும் அழகாக எழுதியது. அதன் கீழே பதினாறு பேர் பெயர். யோசிக்கவே இல்லை. திரும்பப் படித்தும் பார்த்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று. சார் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

முதல் மூன்று மேட்சும் சிப்காட் பக்கத்திலேயே நடந்தன. அங்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கோட்டு ஓரமாக நின்று கத்துவார், நாங்கள் ஓடுவோம். இரண்டில் ஜெயித்து, ஒன்றில் பெனால்டியில் தப்பித்து ஃபைனலுக்கு வந்தோம். மதில் மேல் நின்று சிரித்தவர்களில் இரண்டு பேர் எங்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா கொடுத்த மூன்று வருஷ டைம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஃபைனல் திருவள்ளூரில். காலையில் கம்பெனி பஸ் பெரியபாளையம் வழியாகப் போனது. கோயில் வந்ததும் இறங்கி எல்லாரும் கும்பிட்டோம், கிறிஸ்தவப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே ஜெபம் செய்தார்கள். அக்கா அன்றைக்குப் புதிதாக ஒரு நீல நிறச் சட்டை போட்டிருந்தார். அவருடைய கணவர் இஸ்திரி போட்டுக் கொடுத்தாராம். வழியெல்லாம் அது கசங்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் பந்தல், மைக் செட், பெரிய அதிகாரி யாரோ வருகிறாராம். வாசலில் ஒரு மேசை. அதில் ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர் ஒருவர் எங்கள் ஃபாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே விட்டார். கடைசியில் அக்கா. மாஸ்டர் ஃபாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பயிற்சியாளர் இவர் இல்லையே, வேறு பெயர் இருக்கிறதே, பெயர் இருப்பவர்தான் பெஞ்சில் உட்காரலாம், இந்த அம்மா கேலரிக்குப் போகட்டும் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். என் அச்சுக் கையெழுத்து.

அக்கா என்னைத்தான் கேட்டார். "இன்னா சொல்றாரு?"

நான் சொன்னேன். ஃபாரத்தில் சார் பெயர் இருக்கிறது, எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கேலரிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தப் படிகளை அவர் ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நான் அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றேன்.

முதல் பாதியில் நான் ஆடியது ஆட்டமே இல்லை. ஒரு கண் பந்தில், ஒரு கண் கேலரியில். நீலச் சட்டை ஐந்தாவது வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் சார் தொடை மேல் கை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிராளி ஒருத்தி என்னைத் தாண்டிப் போய் கோல் போட்டாள். நியாயமாக அது என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஹாஃப் டைமில் சார் மோர் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். எனக்கு அடக்க முடியவில்லை. கேலரி, செம்பு ஊர், கோட்டு மாட்டிய ஆள், எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். சார், நீங்க இங்க குந்திகினு இருக்கிறது அவங்க எடம், அதை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது நான் என்றேன். சார் கையில் இருந்த மோர் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"நீ மட்டும் இல்லம்மா. கையெழுத்து போடறப்ப நான் பாத்தேன். நம்ம பேரு கோச்சுன்னு கீதே, நல்லாத்தான் கீதுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுக்கினேன். அப்பவே அந்தப் பேர அடிச்சிட்டு அவங்க பேர எழுதியிருக்கணும்."

இரண்டு பேரும் மேசைக்கு ஓடினோம். எழுத்தில் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது என்றார் மாஸ்டர். எழுத்துதானே, எனக்கு வராததா? ஒரு வெள்ளைத் தாள் வாங்கி மேசை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினேன். பயிற்சியாளர் பெயரைத் தவறாக எழுதியது நான், காரணம் பழக்கம், வேறு காரணம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தனை வருஷத்தில் எனக்காக நான் எழுதிய முதல் விளக்கம். சார் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, அடியில் தன் கையால் எழுதினார். 'எனக்குக் கால்பந்து தெரியாது. ஒரு நாளும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த அணிக்குக் கற்றுக்கொடுத்தவர் மேலே கேலரியில் உட்கார்ந்திருக்கிறார்.' கீழே பெயர், பதவி, தேதி.

மெமோவைத் தொழிலாளிக்கு ஆபீசர் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆபீசர் தனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நாலு வரிக்காக நான் அவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். பி.டி. மாஸ்டர் தாளை இரண்டு முறை படித்தார். சாரை நிமிர்ந்து பார்த்தார். மடித்து எங்கள் ஃபாரத்தோடு பின் செய்துவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிடுங்க என்றார்.

எங்கள் கோல்கீப்பர் படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னாள். அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. அவளை இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அதற்குள் நாங்கள் கோட்டுக்குள் இறங்கிவிட்டோம். நான் என் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சார் அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கேலரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், மேல போவாத. அங்க குந்தினா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். இங்கயே குந்து."

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். சார் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு டீமுக்கு ஒரு கோச்தான் என்பது விதி. பி.டி. மாஸ்டர் அவர்களைப் பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டு பந்தலில் யாரிடமோ பேச ஆரம்பித்தார்.

எனக்குக் கண் மறைத்தது. ஜெர்ஸிக் கையால் துடைத்துக்கொண்டிருந்தபோதே ரெஃப்ரி விசில் ஊதியிருக்கிறார், பந்து என் பக்கமாக வந்து என்னைத் தாண்டியும் போயிருக்கிறது. பெஞ்சிலிருந்து, மைக் செட்டையும் மீறி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது.

"ஏய் கேப்டன், இன்னா தூங்குறியா? ஓடுமே."

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. ஓடினேன்.